பதுவாவில் 15 நிமிடம்: வட்டிக்காசும் ஒரு கோவிலும்

ஒரு வாரம் லீவ் போட்டுட்டு இத்தாலி போயிருந்தேன். டூர்னு சொல்றதைவிட நடமாடும் வகுப்புன்னு சொல்லலாம். காலையில் தாந்தேயோட 'டிவைன் காமெடி'யில் ஒரு பகுதியை எல்லாரும் சேர்ந்து வாசிப்போம். மத்தியானம் அதோட தொடர்புள்ள இடத்தைப் போய்ப் பார்ப்போம். ஃப்ளாரன்ஸ், பதுவா, ரவென்னான்னு மூணு ஊர். இன்னைக்கு பதுவாவில் இருக்கிற ஒரு சின்னக் கோவிலைப் பத்தி மட்டும் பேசலாம்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். என்னோட முதல் வேலை ஒரு கடன் ஆப்ல. தவணை ஒரு நாள் தள்ளிப்போனா எவ்வளவு அபராதம் ஏறணும்னு கணக்குப் போடுற கோடை நான்தான் எழுதினேன். டெஸ்ட் எல்லாம் பாஸ். அந்தத் தொகையை யார் கட்டப்போறாங்கன்னு நான் யோசிச்சதே இல்லை. இந்தக் கோவில் என்னை ஏன் இவ்வளவு தொந்தரவு பண்ணுச்சுன்னு புரிய இது தேவை.

13-ஆம் நூற்றாண்டில் பதுவாவில் ரெஜினால்தோ ஸ்க்ரோவென்யின்னு ஒரு பெரும் பணக்காரர் இருந்தார். வட்டிக்கு விட்டே சேர்த்த சொத்து. கந்துவட்டி மட்டும் இல்லை, கடனுக்கு வட்டி வாங்குறதே பாவம்னு திருச்சபை சொன்ன காலம் அது. ஊரறிய வட்டித்தொழில் செய்றவங்களுக்கு நற்கருணையும் கிடையாது, கிறிஸ்தவ அடக்கமும் கிடையாதுன்னு 1179-லேயே திருச்சங்கம் முடிவு பண்ணியிருந்தது. மன்னிப்பு வேணும்னா வாங்கின வட்டியைத் திருப்பிக் கொடுக்கணும்.

ரெஜினால்தோவோட மகன் என்ரிகோ 1300-ல், பழைய ரோமானிய அரங்கம் இருந்த நிலத்தை வாங்கி இந்தக் கோவிலைக் கட்டினார். படம் வரைய வந்தவர் ஜோட்டோ, அந்தக் காலத்தின் பெரிய ஓவியர். 1305-ல் கோவில் அர்ச்சிக்கப்பட்டது. அப்பாவோட பாவத்துக்குப் பரிகாரம்னு பரவலா சொல்வாங்க. குடும்பப் பெருமையும் சேர்ந்ததுதான்னு சொல்ற வரலாற்றாளர்களும் உண்டு. அர்ச்சிப்புக்கு முன்னாடியே பக்கத்து மடத்துத் துறவிகள் புகார் கொடுத்தாங்க: இது பக்திக்கு இல்லை, படாடோபத்துக்குன்னு.

உள்ளே போறதே ஒரு சடங்கு மாதிரி. முதல்ல ஒரு கண்ணாடி அறையில் 15 நிமிஷம் உட்கார வைக்கிறாங்க. நம்ம கூட வர்ற ஈரமும் தூசியும் சுவரோவியத்தைக் கெடுத்துடக் கூடாதுன்னுதான். அப்புறம் உள்ளே 15 நிமிஷம்.

தலைக்கு மேல நீல வானம், தங்க நட்சத்திரங்கள். சுவர் முழுக்க மரியாள், இயேசு கதைகள். முன்பக்க வளைவில் யூதாஸ் பணப்பையை வாங்குறான், பின்னாடியே பிசாசு நிக்குது. வெளியே போகத் திரும்பினா, வாசலுக்கு மேல இறுதித் தீர்ப்பு. அதில் நரகத்தில் சிலர் தங்களோட பணப்பைக் கயிற்றிலேயே தூக்கில் தொங்குறாங்க. அதே சுவரில், சிலுவைக்கு அந்தப் பக்கம், மீட்கப்பட்டவங்க இருக்கிற பக்கத்தில், என்ரிகோ முழங்காலிட்டு இந்தக் கோவிலோட மாதிரியை மரியாளுக்குக் கொடுக்கிறார்.

காலையில் நாங்க வாசிச்சது 'நரகம்' 17-ஆவது பாடல். கோவில் அர்ச்சிக்கப்பட்டு சில வருஷம் கழிச்சு தாந்தே எழுதினது. எரியும் மணலில் வட்டிக்காரங்க உட்கார்ந்திருக்காங்க, மேலேயிருந்து நெருப்பு விழுது. தாந்தேக்கு ஒரு முகம்கூட அடையாளம் தெரியலை. கழுத்தில் தொங்குற பைகளில் இருக்கிற குடும்பச் சின்னம்தான் தெரியுது. ஒரு வெள்ளைப் பையில் நீலநிறச் சினைப்பன்றி. அது ஸ்க்ரோவென்யி குடும்பச் சின்னம். பேர் சொல்லலை, ஆனா அது ரெஜினால்தோதான்னு உரைகள் சொல்லுது. மகன் கோவிலே கட்டியும், தாந்தே அப்பாவை வெளியே விடலை.

இத்தனைக்கும் ஜோட்டோவோட புகழைத் தன் கவிதையிலேயே சொன்னவர் தாந்தே. ஓவியம் அழகுங்கிறதில் ரெண்டு பேச்சு இல்லை. என் மனசில் ஓடினது வேற கேள்வி: இந்தக் காசு யாருக்குத் திரும்பிப் போயிருக்கணும்? கடவுளுக்கா, கடன் வாங்கினவங்களுக்கா?

இதே ஊரில் இன்னொருத்தர் அதுக்கு வேற வழியில் பதில் சொல்லியிருக்கார். நம்ம ஊரில் எல்லாருக்கும் தெரிஞ்ச பதுவை அந்தோனியார். அவர் கேட்டுக்கிட்டதால 1231-ல் பதுவா நகரம் ஒரு சட்டம் போட்டது: கடன் கட்ட முடியாதவங்க தங்களோட சொத்தை ஒப்படைச்சுட்டா, அவங்களைச் சிறையில் வைக்கக் கூடாது. அவர் மாத்தினது கடன்காரங்களோட நிலைமையை.

வேலையை விட்டதிலிருந்து நான் மாசாமாசம் ஒரு அறக்கட்டளைக்குப் பணம் அனுப்புறேன். அதை நிறுத்தப்போறதில்லை. ஆனா அது ஒரு நாள் லேட்டா கட்டி அபராதம் கொடுத்தவங்க கைக்குப் போகலை. என்ரிகோவும் அப்படித்தானோன்னு அந்த 15 நிமிஷத்தில் தோணுச்சு. அவரைத் திட்ட எனக்கு வாய் வரலை.

இன்னும் அந்த டீமில் என் நண்பர்கள் இருக்காங்க. ஊருக்கு வந்ததும் அவங்களுக்குப் போன் பண்ணி, அந்த அபராதக் கணக்கைத் திரும்ப ஒருதடவை பார்க்கச் சொல்லியிருக்கேன். பார்ப்போம்.

நீங்க வேலையில் எழுதினது, செஞ்சது எதையாவது இப்படித் திரும்பிப் பார்த்ததுண்டா? எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல ரவென்னா, தாந்தேயோட கல்லறை. பை!