மண்ணுக்குள் நிற்கும் சர்வே கல்

தமிழ்நாட்டில் ஒரு நிலத்தின் எல்லையைத் தரையில் காட்டுவது சர்வே கல். அத்துக்கல், எல்லைக்கல் என்றும் சொல்வார்கள். முள் வெட்டும்போதும் வேலிக்குக் குழி தோண்டும்போதும் கடப்பாரையில் தட்டுப்படும் கருங்கல் பல நேரம் இதுவாகவே இருக்கும். கல்லின் பெரும்பகுதி மண்ணுக்குள் இருப்பதால், சில ஆண்டுகள் மண்ணும் சருகும் சேர்ந்தாலே தலை மறைந்துவிடும். ஓரளவு செதுக்கிய நீள வடிவம், செங்குத்தாக ஊன்றிய நிலை, பெரும்பாலும் அம்புக்குறி அல்லது கூட்டல் குறி ஆகியவை இதன் அடையாளங்கள். சாய்ந்தோ படுத்தோ கிடக்கும் கல்லை எல்லையாகக் கொள்ள முடியாது. ஏர், டிராக்டர், மரவேர், மழைவெள்ளம் என எதுவும் அதை நகர்த்தியிருக்கலாம்.

கல்லைத் தேடக் கையில் இருக்க வேண்டியது புலப்படம். அலுவலக வழக்கில் இதை எஃப்.எம்.பி. என்பார்கள். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் தனிப்படம் உண்டு. தமிழக அரசின் இ-சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்துப் பார்க்கலாம். புலத்தை முக்கோணங்களாகப் பிரித்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, எல்லை வளையும் இடங்களுக்கு அந்தக் கோட்டிலிருந்து செங்குத்துத் தூரம் குறித்திருப்பார்கள்.

மூன்று பக்க நீளம் தெரிந்த முக்கோணத்தின் வடிவம் மாறாது. தொலைந்த கல்லை மீட்டுத் தருவது இந்த எளிய கணக்குதான். உறுதியாகத் தெரிந்த இரண்டு கற்களிலிருந்து, படத்தில் உள்ள நீளத்துக்கு இரண்டு டேப்புகளை இழுக்க வேண்டும். இரண்டும் சந்திக்கும் புள்ளியை ஒட்டி மெதுவாகத் தோண்டினால் கல் இருக்குமானால் அகப்படும். அந்த இரண்டு கற்களையும் இணைக்கும் கோட்டின் இரு பக்கமும் இப்படி ஒரு புள்ளி கிடைக்கும். எந்தப் பக்கம் என்பதைப் படம் சொல்லும். மேடு பள்ளமான இடத்தில் டேப்பைத் தரையோடு படுக்கவிடாமல் கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும். பதிவான நீளம் கிடைமட்ட நீளம்.

அலகையும் கவனிக்க வேண்டும். பழைய படங்களில் அளவு லிங்க் கணக்கில் இருக்கும். 66 அடிச் சங்கிலியில் 100 லிங்க். ஒரு லிங்க் 7.92 அங்குலம். ஆயிரம் சதுர லிங்க் சேர்ந்தது ஒரு சென்ட். நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பின் வந்த படங்களில் மீட்டர்.

மனைப்பிரிவு வாங்கியவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மனைக்கு மனை நட்டிருக்கும் சிறு கல் மனை விற்றவர் நட்டது. அரசு நட்டது அல்ல. அதைச் சரிபார்க்க, ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தில் உள்ள அளவு வேண்டும். வேலியும் வரப்பும் அதைவிடவும் பலவீனமான சாட்சிகள்.

இப்படித் தேடிக் கண்ட இடம் உரிமையாளரின் தெளிவுக்கு உதவும். அதை வைத்துச் சுவர் எழுப்புவது தவறு. படமும் கல்லும் முரண்பட்டாலோ கல்லே காணாமல் போனாலோ, கட்டணம் செலுத்தி நில அளவைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பக்கத்து நிலத்தாருக்குத் தகவல் கொடுத்து, நில அளவர் வந்து அத்துக் காட்டுவார்.

தன் நிலத்தின் எல்லைக்கற்களைப் பராமரிப்பது பட்டாதாரரின் கடமை என்று 1923ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் சொல்கிறது. அரசு நட்ட எல்லைக்குறியைக் கெடுக்கும் நோக்கத்தோடு அழிப்பதும் நகர்த்துவதும் தண்டனைக்குரிய குற்றம். ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம். ஆனால் பெரும்பாலான கற்கள் பகையால் போவதில்லை, அவசரத்தால் போகின்றன. ஜே.சி.பி. ஒரு மணி நேரத்தில் பிடுங்கிய கல்லுக்காக இரு குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறுகின்றன. இயந்திரத்தை நிலத்தில் இறக்குமுன் புலப்படத்தோடு ஒருமுறை சுற்றிவந்து, ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் ஒரு கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள்.