பச்சிலைக்குள் ஒரு நஞ்சு



சிங்கப்பூரின் தோ பாயோவில் இன்று அடுக்குமாடி வீடுகள். 1960க்கு முன் அங்கே கம்பத்து வீடுகளும் காய்கறித் தோட்டங்களும் பன்றிக் கொட்டகைகளும் இருந்தன. 1942 முதல் 1945 வரை, ஜப்பானியர் ஆட்சியில், அத்தீவு மக்களின் பசியாற்றியது மரவள்ளி. மனிதன் கிழங்கைத் தோலுரித்து வேகவைக்கிறான். நம் லயத்து ஆடோ இலையைப் பச்சையாகவே தின்கிறது. ஆபத்து அங்கேதான்.

மரவள்ளி இலையில் லினமரின் என்னும் பொருள் இயற்கையாகவே உண்டு. இலை நசுங்கும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு என்னும் நஞ்சு பிறக்கிறது. இரத்தத்தில் பிராணவாயு இருந்தும் உடல் அதைப் பயன்படுத்த முடியாமற் போகிறது. ஆடு மூச்சுத் திணறித் தள்ளாடி விழும். இளஞ்சோளப் பயிரிலும் இதே நஞ்சு உண்டாகும்.

இதைக் கண்டறிவது எப்படி? ஆய்வுக்கூடத்தில் நசுக்கிய இலையைக் குப்பியில் இடுவார்கள். பிக்ரிக் அமிலமும் சோடியம் கார்பனேட்டும் தோய்ந்த மஞ்சள் காகிதத்தை, இலையில் படாமல் உள்ளே தொங்கவிட்டு மூடுவார்கள். நஞ்சு எழுந்தால் காகிதம் செங்கல் நிறமாகும். பிக்ரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கக் கூடியது. ஆகவே இதை வீட்டில் செய்யலாகாது. கடையில் மூலிகைத் தீவனம் வாங்கும்போது, அதைச் சோதித்தார்களா என்று கேட்போம்.

வீட்டில் நாம் செய்யக்கூடியதும் உண்டு. இலையை நறுக்கி, வெயிலில் நன்றாகக் காயவைத்தால் நஞ்சின் பெரும்பகுதி நீங்கும். அதையும் புல்லோடு கலந்து சிறிதளவே கொடுப்போம். பசித்த ஆட்டை மரவள்ளிக் கொல்லையில் விடவேண்டாம். ஆடு தள்ளாடினால் உடனே கால்நடை மருத்துவரை அழைப்போம். காலத்தில் கொடுத்தால் பிழைக்கவைக்க மாற்று மருந்து இருக்கிறது.

ஆடு நமக்குச் சேமிப்பு. பிள்ளையின் பள்ளிச் செலவும் அதில்தான் இருக்கிறது. பச்சிலைதானே என்று எண்ணி அதை இழக்க வேண்டாம்.