திரை கறுத்தால் கணினி தூங்கிவிட்டதா?

பக்கத்து வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கிறது. இரவு பத்து மணிக்குப் படிப்பு முடிந்ததும் பையன் மானிட்டர் பொத்தானை அழுத்திவிட்டுப் படுக்கப் போவான். "ராத்திரி அணைச்சுத்தானே வைக்கிறோம், அப்புறம் ஏன் பில் ஏறுது?" என்று அவன் அம்மா கேட்டார். மேசைக்கு அடியில் இருக்கும் சிபியு பெட்டியின் பின்பக்கம் கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வெதுவெதுவென்று காற்று அவர் விரலில் பட்டது. உள்ளே விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

நம்மில் முக்கால்வாசிப் பேர் தவறுவது இங்கேதான். திரை இருண்டால் கணினி தூங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். மானிட்டர் தனி, பெட்டி தனி. மானிட்டரை அணைத்தால் இருபது, முப்பது வாட் மிச்சமாகும், நல்லதுதான். ஆனால் பெட்டி சும்மா இருந்தாலும் சுமார் 50 வாட் இழுக்கும். இரவு பத்து முதல் காலை எட்டு வரை 10 மணி நேரம், அரை யூனிட். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், ஆக 60 இரவுக்கு 30 யூனிட். அத்தனையும் வீடே தூங்கும் நேரத்தில் போய்விடுகிறது.

ஸ்கிரீன் சேவரிலும் இதே குழப்பம்தான். அந்தக் காலத்துப் படக்குழாய் மானிட்டரில் ஒரே படம் மணிக்கணக்கில் நின்றால் அதன் தடம் கண்ணாடியின் உட்பூச்சில் பதிந்துவிடும். அதைத் தடுக்கத்தான் நகரும் படங்கள் வந்தன. அது காப்பாற்றியது திரையை, மின்சாரத்தை அல்ல. இன்றைய எல்சிடி மானிட்டரில் மீன் நீந்தினாலும் பூ விரிந்தாலும் பின்னால் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். தயங்காமல் ஸ்கிரீன் சேவரை எடுத்துவிடலாம்.

அப்படியானால் உண்மையான தூக்கம் எது? பூக்கட்டுவதை நினைத்துக்கொள்வோம். பாதி கட்டிய சரத்தை விரலில் பிடித்திருக்கிறோம். கையை விட்டால் நெகிழ்ந்து பூ உதிர்ந்துவிடும். நாம் திறந்து வைத்திருக்கும் வேலையெல்லாம் ரேம் என்ற நினைவகத்தில் இப்படித்தான் இருக்கிறது. மின்சாரம்தான் அதைப் பிடித்திருக்கும் விரல். ஸ்லீப் என்றால் உடம்பு ஓய்ந்துவிடும், விரல் மட்டும் சரத்தை விடாது. அதற்குச் சில வாட் போதும். மவுஸை அசைத்தால் விட்ட இடத்திலிருந்து உடனே தொடரலாம்.

ஹைபர்னேட் என்றால் சரத்துக்கு முடிச்சுப் போட்டுக் கூடையில் வைத்துவிட்டு எழுந்துபோவது. ரேமில் இருந்ததையெல்லாம் டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுக் கணினி அணைந்துவிடும். எழுந்துவரச் சற்று நேரமாகும், ஆனால் இடையில் கரண்ட் போனாலும் ஒன்றும் தொலையாது. ஸ்லீப்பில் இருக்கும்போது கரண்ட் போனால், யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் சேமிக்காத வேலை போய்விடலாம். இரண்டையும் சேர்த்துச் செய்யும் கணினிகளும் உண்டு. உங்களுடையது அப்படித்தான் என்று தெரியாதவரை நம்பி இருக்க வேண்டாம்.

இனி எண்களுக்கு வருவோம். செட்டிங்ஸில் பவர் பகுதிக்குப் போனால் திரை எப்போது அணைய வேண்டும், கணினி எப்போது தூங்க வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்கும். திரைக்கு 5 நிமிடம், ஸ்லீப்புக்கு 20 நிமிடம் என்பேன். ஆசைப்பட்டு இரண்டு நிமிடம் வைக்காதீர்கள். காபி கலந்துகொண்டு வருவதற்குள் தூங்கிவிடும். எரிச்சலில் வீட்டில் யாராவது எல்லாவற்றையும் 'நெவர்' என்று மாற்றிவிடுவார்கள்.

அந்த 'நெவர்' பற்றியும் சொல்ல வேண்டும். கணினி தூங்கினால் டவுன்லோடும் நின்றுவிடும். பெரிய கோப்பு ஒன்றை இறக்குவதற்காக ஓர் இரவு ஸ்லீப்பை நிறுத்திவைப்போம். மறுநாள் திருப்பி வைக்க மறந்துவிடுவோம். பக்கத்து வீட்டிலும் நடந்தது இதுதான். மானிட்டரில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டிவைத்தால் போதும்.

நம் வீடுகளில் இன்னொரு நல்ல பழக்கம் இருக்கிறது, படுக்குமுன் சுவரில் இருக்கும் சுவிட்சையும் அணைப்பது. அந்தப் பழக்கத்துக்கு ஸ்லீப் ஒத்துவராது. சரத்தைப் பிடித்திருக்கும் விரலை நாமே வெட்டுவது போல ஆகிவிடும். ஆகவே பகலில் ஸ்லீப், இரவில் ஹைபர்னேட் அல்லது முழு ஷட் டவுன் என்பதுதான் என் தீர்ப்பு. விண்டோஸில் ஹைபர்னேட் மெனுவில் தெரியாவிட்டால் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போங்கள்; பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் அதற்கு ஒரு டிக் போடலாம்.

இன்றிரவு விளக்கை அணைக்குமுன் உங்கள் வீட்டுப் பெட்டியின் பின்பக்கமும் ஒருமுறை கையை வைத்துப் பாருங்கள்.