சந்துகளில் ஒரு உலக ஓட்டம்

சென்னையின் யானைக்கவுனியில் இன்று மதிலும் இல்லை, வாயிலும் இல்லை. மதில்வரி மட்டும் வால்டாக்ஸ் சாலையின் பெயரில் தங்கிவிட்டது. யானைக்கவுனியிலிருந்து சௌகார்பேட்டை வரை பின்னிக்கிடக்கும் சந்துகள், ஓரியன்டியரிங் விளையாட்டின் ‘ஸ்பிரின்ட்’ வகைக்கென்றே போட்டதுபோல இருக்கின்றன. 1:4000 வரைபடம், திசைகாட்டி, வரிசையாகத் தொடவேண்டிய இலக்குகள். வழி அவரவர் விருப்பம். கால்வேகம் மட்டும் போதாது, முட்டுச்சந்தில் நுழைந்தால் பதக்கம் போச்சு!

ஸ்வீடனின் தூவே அலெக்சாண்டர்சன் (பிறப்பு 1992) ஓரியன்டியரிங்கில் காட்டுப் போட்டிகளிலும் நகரப் போட்டிகளிலும் உலகப் பட்டங்கள் வென்றவர். பனிச்சறுக்கு ஓரியன்டியரிங்கிலும் உலக சாம்பியன். 2018இல் ஸ்காட்லாந்தின் மலைமுகடுகளில் ஓடி ஸ்கைரன்னிங் உலகப் பட்டமும் பெற்றார். பாதையைப் படிக்கத் தெரிந்தவருக்கு மலையோட்டம் கூடுதல் வரவுதான்.

கீழேயுள்ள வரைபடத்தில் மின்ட் தெருவுக்கு உங்கள் வழியைத் தேர்ந்தெடுங்கள். மாட்டுவண்டி, மீன்பாடி வண்டிகளையும் கணக்கில் கொள்க.