கயிற்றுக்குக் காது குத்துவோம்!

தலைப்பைப் பார்த்துவிட்டு, "யாருக்குடா காது குத்தறே?" என்று சீனியர் அண்ணன்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஊசிக்குக் காது இருக்கிற மாதிரி கயிற்றுக்கும் காது உண்டு. நுனியை வளைத்து, முடிச்சே போடாமல், அந்தக் கயிற்றுக்குள்ளேயே நுழைத்துப் பூட்டிவிடுவார்கள். கொக்கி மாட்ட ஒரு வளையம் கிடைத்துவிடும். ஆங்கிலத்தில் 'ஐ ஸ்ப்ளைஸ்'. அவர்களுக்குக் கண், நமக்குக் காது, அவ்வளவுதான்.

முப்பிரிக் கயிற்றில் இந்த வேலையை நம்ம ஊர்ப் பெரியவர்கள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே முடித்துவிடுவார்கள். பிரியைப் பிரித்து, ஒன்றுக்கு அடியில் ஒன்றாகச் செருகினால் ஆச்சு. ஆனால் மரம் ஏற இப்போது வருவது பின்னல் கயிறு. அதில் அப்படிப் பிரித்துச் செருகப் பிரியே கிடையாது!

எங்க சேவூர்ப் பக்கம் தென்னை மரம் ஏற ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. பாதிப் பேர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்களில் சிலர் கையில் மரம் ஏறும் மெஷின் இருக்கிறது. கேரளாவில் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் என்ற விவசாயி கண்டுபிடித்த வகைதான் அதில் பிரபலம். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் 'தென்னை மர நண்பர்கள்' என்று பயிற்சி தொடங்கிய பிறகு மெஷின் இன்னும் பரவியது. மெஷின் காலுக்கு. கால் தவறினால் உடம்பைப் பிடிக்க இடுப்புப் பட்டையும் ஒரு கயிறும் வேண்டும். அந்தக் கயிற்றை வைத்துக்கொண்டுதான் தோட்டத்து அண்ணன் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏனுங் தம்பி, முடிச்சுப் போட்டா ஆகாதுங்களா?"

ஆகும். ஆனால் பலம் போய்விடும். முடிச்சுக்குள் கயிறு சட்டென்று வளைகிறது. வளைவின் வெளிப்பக்க நூல்கள் விறைத்து நிற்க, உள்பக்க நூல்கள் சும்மா கிடக்கின்றன. பாரம் முழுவதையும் பாதி நூல்கள் தாங்க வேண்டிய நிலைமை. முடிச்சைப் பொறுத்துப் பொதுவாக 25 முதல் 40 சதவீதம் வரை பலம் குறையும். ஒழுங்காகப் போட்ட காதில் சுமார் 90 சதவீதம் நிற்கும். அந்த அண்ணனுக்கு நான் சதவீதம் சொல்லவில்லை. நூறு கிலோ தாங்குற கயிறு முடிச்சுப் போட்டதும் அறுபது, எழுபது கிலோ கயிறு ஆயிடும் என்றேன். கயிற்றை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

காது எப்படிப் பிடிக்கிறது? அதற்குப் பின்னல் கயிறு உருவாவதைப் பார்க்கணும். நம்ம ஏரியாவில் டி-ஷர்ட்டுக்கும் டிராக் பேண்டுக்கும் நாடா போடுகிற பிரெய்டிங் மெஷினை எட்டிப் பாருங்கள். பின்னல் கோலாட்டமேதான்! பாதி பாபின்கள் வலப்பக்கமாக ஓடும், பாதி இடப்பக்கமாக. எதிரே வருவதை உள்ளே விட்டு, வெளியே விட்டு, நடுவில் ஒரு குழாய் பின்னிக்கொண்டே போகும். அந்தக் குழாயை இரண்டு கையாலும் நெருக்கினால் வாய் அகலும். இழுத்தால் நீண்டு ஒடுங்கும். சூட்சுமம் முழுவதும் இதில்தான். வாலை உள்ளே விட்டுவிட்டு இழுத்தால், வெளிக்குழாய் ஒடுங்கி வாலை நெரிக்கிறது. எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு நெரிப்பு. அதோடு, காதின் இரண்டு காலும் பாரத்தைப் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்வதால், உள்ளே இருக்கும் வால் பாதிப் பாரத்தைத்தான் உராய்வால் பிடித்து நிறுத்த வேண்டும்.

செய்து பார்க்க 5 மில்லிமீட்டர் நாடா இரண்டு மீட்டர் போதும். உள்ளே திரி இல்லாத பின்னல் நாடாவாக இருக்கணும். நிட்டிங்கில் வந்த நாடா ஆகாது. வெட்டினால் கண் விட்டு ஓடிவிடும். கயிற்றுக்காரர்கள் வழுக்கலான இழைகளுக்குச் சொல்லும் கணக்கு, குறுக்களவைப் போல 72 மடங்கு வால் உள்ளே போகணும் என்பது. நமக்கு 5 × 72 = 360 மில்லிமீட்டர். நுனியில் டேப் சுற்றி, அங்கிருந்து 360-ல் ஒரு குறி, அதற்கு மேல் 150 தள்ளி இன்னொரு குறி. இந்த 150-தான் காது. இரண்டாவது குறியில் பின்னலை விலக்கி, காதுக்கு எதிர்ப்பக்கமாக, கயிற்றின் நீளத்தோடே வாலை உள்ளே விடுங்கள். கருவி? பெரிய ஊக்குதான். அம்மா பாவாடைக்கு நாடா கோர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. முதல் குறி இரண்டாவது குறியைத் தொடும் வரை இழுத்து, நுனியைக் கொஞ்சம் வெளியே எடுங்கள்.

இப்போது வாலின் கடைசி மூன்றில் ஒரு பங்கில், இழைகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றி மாற்றி வெட்டி, எலி வால் மாதிரி சன்னமாக்கணும். ஷாஃப்டில் படி விழும் இடத்தில் ஃபில்லட் எதற்கு வைக்கிறோம்? அதே காரணம்தான். தடிமன் திடீரென்று மாறினால் ஸ்ட்ரெஸ் அங்கேதான் குவியும். பிறகு காதைப் பிடித்துக்கொண்டு வெளிக்குழாயை உருவிவிட்டால் வால் உள்ளே மறைந்துவிடும்.

இங்கேயே நிறுத்தினால் ஆபத்து. இழுக்கும்போது நெரிக்கும் குழாய், தொய்வு கொடுத்தால் விட்டுவிடும். மரத்தில் கயிறு நிமிஷத்துக்கு நாலு தடவை தொய்யும், விறைக்கும். அப்படியே ஆடி ஆடி வால் நழுவி வந்துவிடும். அதனால் காதின் கழுத்தில் நல்ல நைலான் நூலால் ஊடுருவத் தைக்கணும். இந்தத் தையல் பாரம் தாங்க இல்லை. சும்மா இருக்கும் நேரத்தில் வால் நகராமல் இருக்க.

எங்க லேபில் யு.டி.எம்.-மில் இரண்டு துண்டு இழுத்துப் பார்த்தோம். முடிச்சுத் துண்டு முடிச்சின் வாயிலேயே அறுந்தது. நீங்களும் இழுத்தால் இரண்டு முனையிலும் காது போட்டு பின்னில் மாட்டி இழுங்கள். தாடையில் கடிக்க விட்டால் அங்கேயே நைந்து அறுந்துவிடும். அறுந்த முனை சாட்டை மாதிரி வரும், தள்ளி நில்லுங்கள்.

"அப்போ எனக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க தம்பி" என்றார் அண்ணன். நான் மறுத்துவிட்டேன். மரம் ஏறும் கயிறு நாடா இல்லை. சிலவற்றில் 16 இழை வெளிப்பின்னலும் உள்ளே திரியும் இருக்கும். சிலவற்றில் பின்னலுக்குள் இன்னொரு பின்னல். ஒவ்வொன்றுக்கும் காது போடும் முறை வேறு, வால் அளவு வேறு. அமெரிக்காவில் மர வேலைக்கான இசட்133 தரநிர்ணயம் ஏறும் கயிற்றுக்குக் குறைந்தது 5,400 பவுண்டு, அதாவது 24 கிலோநியூட்டன் பலம் கேட்கிறது. காது போடுவதென்றால் கயிறு தயாரித்தவர் சொன்ன முறையில்தான் போடணும் என்கிறது. நாம் லேபில் இழுத்துப் பார்த்த துண்டு அறுந்துபோச்சு; அதன் பலம்தான் தெரியும். அண்ணன் இடுப்பில் தொங்கப்போகும் துண்டை யார் இழுத்துப் பார்ப்பது? தயாரிப்பாளரே காது வைத்து, பலம் அச்சிட்ட சீட்டோடு வரும் கயிற்றை வாங்கச் சொன்னேன். விலை அதிகம்தான். முகம் சுளித்தார், ஆனால் வாங்கினார்.

வாங்கியதோடு விட முடியாது. ஏறும் முன் தினமும் கழுத்துத் தையலைப் பார்க்கணும். காதின் உள்வளைவில் நூல் பஞ்சு பஞ்சாகக் கிளம்பினாலோ, உள்ளே கட்டி மாதிரி தட்டுப்பட்டாலோ அந்தக் கயிறு மாடு கட்டத்தான். அருவாள் விஷயம் தனி. மட்டை வெட்டும்போது விறைத்து நிற்கிற கயிற்றில் வாய் லேசாகப் பட்டால் போதும். வெளிநாட்டில் ரம்பம் பிடிப்பவர்கள் இடுப்புக் கயிற்றுக்குள் எஃகுக் கம்பி வைத்ததைக் கட்டிக்கொள்வது அதனால்தான்.