வெளிச்சமும் கந்தகமும் போதும்

கோடையில் உத்திரமேரூர் ஏரி வற்றும்போது ஓரத்துச் சேற்றை மண்வெட்டியால் புரட்டினால், மேலே பழுப்பாக இருப்பது அடியில் கறுத்துக் கிடக்கும். கூடவே அழுகிய முட்டை நாற்றம் எழும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு. காற்றுப் புகாத சேற்றில் மக்கும் கோரையையும் இலையையும் நம்பி வாழும் ஒருவகை பாக்டீரியா, ஆக்சிஜனுக்குப் பதிலாக சல்ஃபேட்டைக் கொண்டு சுவாசிக்கிறது. அதன் கழிவுதான் இந்த வாயு. மண்ணின் இரும்போடு அது சேரும்போது சேறு கறுக்கிறது.

நமக்கு நஞ்சான இந்த வாயுவும் கொஞ்சம் வெளிச்சமும் கிடைத்தால் செழித்து வாழும் உயிர் ஒன்று உண்டு: ஊதா கந்தக பாக்டீரியா. இலை செய்யும் ஒளிச்சேர்க்கையைத்தான் இதுவும் செய்கிறது. கார்பன் டை ஆக்சைடை உணவாக்க எலக்ட்ரான் வேண்டும். இலை அதை நீரிலிருந்து எடுக்கிறது, மிஞ்சும் ஆக்சிஜனை வெளியே விடுகிறது. ஊதா பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடிலிருந்து எடுக்கிறது, அதற்கு மிஞ்சுவது கந்தகம். பெரும்பாலான இனங்கள் அந்தக் கந்தகத்தை உடலுக்குள்ளேயே மணிமணியாகச் சேர்த்து வைக்கின்றன. நுண்ணோக்கியில் அவை பளிச்சென்று மின்னும். வாயு தீர்ந்துபோனால் இந்தச் சேமிப்பிலிருந்து எலக்ட்ரான் எடுத்துக்கொள்ளலாம். கந்தகம் சல்ஃபேட்டாகி மறுபடி சேற்றுக்கே போய்ச் சேரும்.

ஒளி விஷயத்திலும் இதற்குத் தனி வழி. மேலே மிதக்கும் பாசியும் தாமரையும் சிவப்பு, நீல ஒளியை எடுத்துக்கொள்கின்றன. இதன் பச்சையமோ 800 முதல் 900 நானோமீட்டர் வரையான, நம் கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பைப் பிடிக்கிறது. ஆழமான நீரில் அகச்சிவப்பு இறங்காது. அங்கே கரோட்டினாய்டு நிறமிகள் பச்சை ஒளியைப் பிடித்துத் தருகின்றன. ஊதா நிறத்துக்கும் அந்த நிறமிகளே காரணம்.

இந்தச் சிற்றுயிர் நமக்குச் சொல்லிக்கொடுத்தது பெரிது. செடி விடும் ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருவதாகவே ஒரு காலத்தில் பலரும் நினைத்தார்கள். டச்சு விஞ்ஞானி வான் நீல் கலிபோர்னியாவில் இந்தப் பாக்டீரியாக்களை ஆராய்ந்தார். ஹைட்ரஜன் சல்ஃபைடு பிளந்து கந்தகம் வருகிறதென்றால், இலையில் நீர் பிளந்துதானே ஆக்சிஜன் வரவேண்டும் என்று 1931இல் வாதிட்டார். 1941இல் ரூபன், கேமன் என்ற விஞ்ஞானிகள் கனமான ஆக்சிஜன் அணுவைக் கொண்டு சோதித்தபோது அவர் சொன்னதே சரியென்று தெரிந்தது. நாம் இழுக்கும் மூச்சின் மூலத்தை, ஆக்சிஜனே விடாத ஓர் உயிர் காட்டிக்கொடுத்தது என்பது எனக்கு இன்றும் தீராத வியப்பு.

உத்திரமேரூர் ஏரி பல்லவர் காலத்தது. அதைப் பராமரிக்க ஏரி வாரியம் இருந்ததை 919, 921ஆம் ஆண்டுகளின் பராந்தக சோழன் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஊதா பாக்டீரியாவின் பழமை வேறு கணக்கு. ஆஸ்திரேலியாவில் 164 கோடி ஆண்டுப் பாறையில் அதன் நிறமியின் எச்சம் கிடைத்திருக்கிறது. நம் பக்கத்தில், ஆந்திரக் கடலோரத்து பீமிலி, காக்கிநாடா ஊர்ப்பெயர்களைத் தாங்கிய இனங்கள் அறிவியல் பதிவில் ஏறியிருக்கின்றன.

உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பாக்டீரியாவைப் பள்ளியிலேயே வளர்த்துக் காட்ட, ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி காட்டிய வழி எளிது. கண்ணாடி பாட்டிலில் ஏரிச்சேறு, கிழித்த செய்தித்தாள், நிலக்கடலைக்குப் போடும் ஜிப்சம் கொஞ்சம், பொடித்த முட்டை ஓடு ஆகியவற்றைக் கலந்து நிரப்பி, மேலே ஏரிநீர் ஊற்றுங்கள். மூடியை இறுக்காமல், காற்றோட்டமான ஜன்னலோரத்தில், நேர் வெயில் படாமல் வையுங்கள். சில வாரங்களில் சேற்றின் பக்கவாட்டில் ஊதாத் திட்டுகள் தோன்றலாம். மாணவர்களைக் கூட்டி வந்து காட்டுங்கள்.