உங்களுக்குத் தெரியுமா? காளி வேடக் கூட்டத்தில் ஒரு கொலை விசாரணை

ஜெர்மனியில் 1970 முதல் ஓடும் 'டாட்டோர்ட்' துப்பறியும் தொடரில் ஒவ்வொரு நகரத்துக்கும் தனிப் போலீஸ் குழு உண்டு. ஊரே ஒரு பாத்திரம். தமிழில் அதை அழுத்தமாகச் செய்தது 'சுழல்' வலைத்தொடர். 2025 பிப்ரவரியில் வந்த இரண்டாம் பாகத்தில் வழக்கறிஞர் செல்லப்பா கொல்லப்படுகிறார். எட்டு இளம்பெண்கள், ஒவ்வொருவரும் தான்தான் கொன்றதாகச் சொல்கிறார்கள்! களமான காளிப்பட்டணம் கற்பனை ஊர். ஆனால் அங்கே நடக்கும் அஷ்டகாளி விழாவைப் பார்க்கும் நெல்லைக்காரருக்குக் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா ஞாபகம் வராமல் போகாது. 1986 வரை நெல்லை மாவட்டத்தில் இருந்த ஊர் அது. அங்கே பக்தர்கள் விரதமிருந்து காப்புக் கட்டி, காளி வேடத்துக்குச் சடைமுடியும் கோரைப்பல்லும் வைத்து, வீடு வீடாகக் காணிக்கை வாங்குவார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம். முகமெல்லாம் சாயம் பூசிய அந்தக் கூட்டத்தில் போலீஸ் ஒரே ஒருவரைத் தேடுகிறது என்று வைத்தாலே போதும், நெஞ்சு படபடக்கும்.